மூன்று பெடல் உள்ள பென்ஸ்

1

கனடாவில் வந்து இறங்கிய தேதியில் ஒவ்வொரு வருடமும் அண்ணனுக்குக் கோல் எடுப்பேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கண்டியிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை என்னைக் காரில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். அன்று விமானம் பிடிக்கிற பதற்றத்தில் ஒழுங்காகப் போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் குறையை வருடத்துக்கு ஒருமுறை தீர்த்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சாப்பிட்டாயா என்பார், நான் சாப்பிட்டேன் என்பேன். நான் சுகமா என்பேன், அவர் சுகம் என்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அண்ணன் செல்வராஜ் கல்யாணக் கார் டிரைவர். நாங்கள் புசல்லாவைக்காரர்கள். அவர் பதினெட்டு வயதிலேயே கண்டிக்கு இறங்கி, கல்யாண மண்டபம் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியிடம் வெள்ளைப் பென்ஸ் ஒன்று இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கண்டி, கம்பளை, மாத்தளைப் பக்கத்து மணமக்களை அதில் ஏற்றி இறக்கியவர் அண்ணன். முன்னால் கட்டிய ரிப்பன் காற்றில் அவிழக்கூடாது, பின்னால் இருக்கிற பெண்ணின் தலைப்பூ ஆடக்கூடாது. கியர் மாறுவது பின்சீட்டுக்குத் தெரியாமல் ஓட்டுவார். காருக்குள் ஏறியதும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பெடலைப் பாதத்தால் தொட்டால்தான் வண்டி பேசுவது கேட்கும் என்பார்கள்.

முதலாளி மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் பிள்ளைகள் மண்டபத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, பென்ஸை விற்றுவிட்டார்கள். அறுபத்தொரு வயதில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஓய்வு எடுங்கள் அண்ணே என்று சொன்னேன். தூரத்தில் இருக்கிறவர்கள் சொல்வதற்கென்றே உள்ள வார்த்தை அது.

இந்த வருடக் கோலில் சாப்பாடு, சுகம் எல்லாம் முடிந்த பிறகும் அவர் ஃபோனை வைக்கவில்லை.

"ஒரு காரு எடுத்துக் குடுக்க முடியுமாடா? பழைய பென்ஸ் ஒண்ணு போதும். சொந்தமா வச்சிக் கல்யாணத்துக்கு ஓட்டலாம்னு பாக்குறேன். ஆனா ஓட்டோ கியர் வேணாம். கிளச் இருக்கணும்."

இருபத்திரண்டு வருடத்தில் அண்ணன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அவர் கேட்டதில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, பார்ப்போம் அண்ணே என்றேன். அடுத்த நாளே வேலையிடத்தில் ஐந்து வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன்.

2

ஸ்காபரோவில் என் இடது காலுக்கு வேலை கிடையாது. காலையில் காரில் ஏறினால் அது ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது கால் மட்டும் பிரேக்குக்கும் அக்ஸிலேட்டருக்கும் இடையில் போய்வந்துகொண்டிருக்கும். அரை மணி நேரத்தில் கிட்டங்கி. அங்கே எட்டு மணி நேரம் பெட்டிகளைக் கணினியில் பதிகிறேன். பிறகு அதே பாதை, அதே சிக்னல். கிளச் என்று ஒன்றை மிதித்துப் பல வருடமாகிறது.

மகன் நவீனுக்குப் பத்தொன்பது வயது. கார் பைத்தியம். இலங்கை விளம்பரத் தளங்களைத் தேடித் தருகிறேன் என்று முன்வந்தான். எந்த மாடலில் எத்தனை வால்வு, எந்த வருடத்தில் எந்த லாம்பு மாறியது என்று எல்லாம் சொன்னான். சமையலறை மேசையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான். அவன் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் பேச, நடுவில் பென்ஸ் நின்றது.

"மூணு பெடல் எதுக்கப்பா? நமக்கு ரெண்டு கால்தானே?" என்று ஒருதரம் தமிழிலேயே கேட்டான். நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இந்தக் கார் யாருக்கு என்றான். பெரியப்பாவுக்கு என்றேன். எந்தப் பெரியப்பா, அவர் பெயர் என்ன என்றான். என்ஜின் இலக்கத்தின் கடைசி எழுத்துவரை தெரிந்த பிள்ளைக்கு என் கூடப்பிறந்தவரின் பெயர் தெரியவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று யோசித்தபோது அடங்கிவிட்டது. நான் எப்போது சொல்லிக் கொடுத்தேன்?

தேடத் தேட ஒன்று விளங்கியது. சொகுசுக் கார் வாங்குகிறவர்கள் உலகம் முழுக்கச் சொகுசைத்தான் கேட்டிருக்கிறார்கள், ஆகவே பழைய பென்ஸ்களில் பெரும்பாலானவை ஓட்டோ கியர்தான். எங்கள் ஊரில் ஒரு காலம் ஓட்டோ கியர் என்றால் பயம். கெட்டால் திருத்த ஆள் இல்லை என்று கிளச் உள்ளதைத் தேடி எடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எடுத்த கார்களில் மிஞ்சியவை எங்காவது ஷெட்டுகளில் நிற்கும். கண்டி மாவட்டத்தில் தேடிப்பார்க்கத் தகுந்தவை என்று நவீன் இரண்டு விளம்பரத்தை அச்சடித்துக் கொடுத்தான்.

3

கண்டிக்குப் போய் இறங்கிய முதல் நாளே அண்ணியிடம் மாட்டிக்கொண்டேன். பால் போட்ட டீயா, பிளேன்டீயா என்று கேட்டதற்கு, "ஓம், டீ" என்றேன். ஸ்காபரோவில் என்னைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நாக்கு எப்போது கட்சி மாறியது என்று எனக்கே தெரியாது.

"ஓமாம்ல, ஓம்" என்று அண்ணி சிரித்தார். "தம்பி கனடாவுக்குப் போனிச்சா, யாழ்ப்பாணத்துக்குப் போனிச்சா?"

அண்ணனும் சிரித்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டு, கறுப்புச் சப்பாத்தும் போட்டிருந்தார். வெறுங்கால் மனிதர் ஐயா ஆகிவிட்டார் என்று கேலி செய்தேன். கண்டிப் பனி முன்பு மாதிரி இல்லை, குளிர் காலில் ஏறுகிறது என்றார். மார்கழி மாதம். நம்பக்கூடியதாகத்தான் இருந்தது.

கார் தேட ஒரு கார் வேண்டும் என்று சின்ன வாடகைக் கார் ஒன்றை எடுத்தேன். அதை ஓட்ட, வெளிநாட்டு லைசனுக்குத் தற்காலிக அனுமதி எடுக்கவேண்டும். கவுண்டருக்குப் போனால் பாஸ்போட்டின் போட்டோக்கொப்பி வேண்டும் என்றார்கள். கொப்பியோடு போனால் விசா பக்கத்தின் கொப்பி எங்கே என்றார்கள். அதையும் கொண்டுபோனபோது கவுண்டர் அம்மணி சாப்பிடப் போயிருந்தார். வாசலில் கொப்பி அடிக்கிற கடைக்காரர் மூன்றாம் தரம் போனபோது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் அம்மணி என் ஒன்டாரியோ லைசனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, இதில் ஓட்டோவா மெனுவலா என்று எழுதியில்லையே என்று சிங்களத்தில் கேட்டார். அங்கே அப்படிப் பிரிப்பதில்லை என்று என் துருப்பிடித்த சிங்களத்தில் விளக்கினேன். அப்போ உங்களுக்கு மெனுவல் ஓட்டத் தெரியுமா என்றார். தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் ஓட்டோ கியர் காரில் ஏறினேன்.

வாடகைக் காரை நீங்களே ஓட்டுங்கள் என்று அண்ணனிடம் சாவியை நீட்டினேன். ஓட்டோ எனக்குப் பழக்கமில்லை, நீயே ஓட்டு என்றார். ஐந்து வாரமும் இடது சீட்டில் உட்கார்ந்து என் டிரைவிங்கில் குறை சொன்னார். பிரேக்கை மிதித்துக்கொண்டே பள்ளம் இறங்காதே என்பது பிரதானமான குறை. கியரைக் குறைத்து என்ஜினைக்கொண்டு இறங்கவேண்டும், பிரேக்கை ஆபத்துக்கென்று மிச்சம் வைக்கவேண்டும். அவர் கிளச் கேட்பதற்கு இதுதான் காரணம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். மலையில் ஓட்டுகிறவரின் எச்சரிக்கை, அத்தோடு கொஞ்சம் டிரைவர் திமிர். வாய்விட்டு நான் கேட்கவில்லை.

4

முதல் விளம்பரம் கடுகண்ணாவையில் ஒரு கராஜ். 'ஒரிஜினல் மெனுவல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். படங்களில் காரின் நாலு பக்கமும் இருந்தது, உள்ளே எடுத்த படத்தில் கியர் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு கை மறைத்துக்கொண்டிருந்தது. நவீன் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான், நான்தான் கணக்கெடுக்கவில்லை.

கணவாய் ஏறி மேலே வருகிற இடத்தில், ரோட்டோரமாக அந்தக் கராஜ். நீல நிறப் பென்ஸ், கண்ணாடி மாதிரி மினுக்கி வைத்திருந்தார்கள். கராஜ் பாஸ் சாவியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள் என்றார். அண்ணன் சாவியை வாங்கவில்லை. டிரைவர் கதவைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, தலையை உள்ளே விட்டுப் பெடல்களைப் பார்த்தார். பிறகு கையால் ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"இந்தக் காரு பொறக்கும்போது ரெண்டு பெடல்தான் பாஸ். மூணாவது இங்க வந்து மொளச்சிருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் காட்டித் தந்தார். ஓட்டோ கியர் காரில் பிரேக் பெடல் அகலம், எந்தக் காலாலும் மிதிக்கலாம். கிளச் உள்ள காரில் அது ஒடுக்கம். இந்தக் காரில் அகலமான பெடலின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, வேறு ரப்பர் போட்டிருந்தார்கள். கிளச் பெடலின் ரப்பர் தேய்ந்திருந்த விதம் ஒன்று, பிரேக் ரப்பர் தேய்ந்திருந்த விதம் இன்னொன்று. ஒரே காரில் ஒன்றாக வயதானவை இல்லை.

பாஸுக்குக் கோபம் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டாரே என்று அவருக்குச் சந்தோஷம். ஓட்டோ பெட்டி செத்துப் போனது, வான் ஒன்றின் கியர்ப்பெட்டியைக் கழற்றி இதில் இறக்கினேன், மூன்று மாதம் படுத்துச் செய்த வேலை என்று பெருமையோடு பொனட்டைத் திறந்து காட்டினார். நல்ல வேலைதான். இதோடு பள்ளம் இறங்கலாமா என்று அண்ணன் கேட்டார். இறங்கலாம், ஆனால் பாரம் ஏற்றாமல் என்றார் பாஸ். கல்யாணக் காரில் பாரம் ஏற்றாமல் என்றால் மாப்பிள்ளையை நடக்க விடவேண்டியதுதான். மூன்று பேரும் சிரித்து, பாஸ் வாங்கித் தந்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பெடல் ரப்பரைப் பார்த்து ஒரு காரின் வரலாற்றைச் சொல்கிற மனிதர் என் அண்ணன் என்று அன்று நவீனுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான். கொஞ்ச நேரம் கழித்து, பெரியப்பா கெட்டிக்காரர் என்று ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதினான்.

5

அடுத்த இரண்டும் அசல் மெனுவல்.

ஒன்று பேராதனையில், ஓய்வுபெற்ற ஒரு விரிவுரையாளர் வீட்டில். அண்ணன் குந்திப் பார்த்துத் தலையாட்டினார். ஏறி உட்கார்ந்தார். வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார். கார் இரண்டு தரம் குலுங்கி ஒரு தரம் நின்றது. இறங்கி வந்து, கிளச் பிடிக்கவில்லை என்றார். விரிவுரையாளர் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார்.

இன்னொன்று கட்டுகஸ்தோட்டையில். அதைக் கொண்டுவந்தவர் நிசாம் நானா என்கிற புரோக்கர். விளம்பரத்துக்கு வராத காரெல்லாம் அவருடைய ஃபோனுக்குள் இருக்கும். அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். பதிவு செய்த உரிமையாளர் ஒரு பொறியியலாளர், அவுஸ்திரேலியாவுக்குப் போய் இருபது வருடம். அவருக்குப் பிறகு ஐந்து கை மாறியிருக்கிறது, ஒருவரும் தன் பெயருக்கு மாற்றவில்லை. உரிமை மாற்றும் படிவத்தில் அந்தப் பொறியியலாளர் போட்டுவிட்டுப் போன கையெழுத்து மட்டும், தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் காரோடு கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஓப்பன் பேப்பர் என்பார்கள். மெல்பனில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்குத் தான் இன்னும் கட்டுகஸ்தோட்டையில் பென்ஸ் வைத்திருப்பது தெரியாது. வெளியேறிப் போனவர்களில் எத்தனை பேர் இப்படி ஊரில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறோமோ.

பேப்பரைப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஓட்டிப் பாருங்கள் என்றேன். அண்ணன் ஓட்டினார். ரோட்டில் ஏறும்போது கார் தவளை மாதிரிப் பாய்ந்தது. திரும்பி வந்து, கிளச் உதறுகிறது, வேண்டாம் என்றார்.

நிசாம் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் காலையில கம்பளையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த வாகனம் இது. ஒரு உதறலும் இல்ல. உங்கட அண்ணன் கார் பாக்கிறாரா, பொண்ணு பாக்கிறாரா?"

எனக்குப் புரோக்கர் மேல்தான் எரிச்சல் வந்தது. விற்கிறவன் அப்படித்தான் சொல்வான். ரப்பரைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர் ஓட்டிப் பார்த்தா தவறவிடுவார்? அண்ணனுக்காக நானாவோடு கொஞ்சம் குரலையும் உயர்த்தினேன்.

ஐந்து வாரத்தில் நாலு வாரம் முடிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தார். தினம் காலையில் அண்ணி சமையலறையில் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து அவர் காலைக் கழுவிவிட்டார். நான் அந்தப் பக்கம் போனால் கதவைக் கொஞ்சம் சாத்துவார். குதிகால் வெடிப்புங்க தம்பி என்றார். நானும் சரி என்றேன்.

6

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

எனக்கு ஆறு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். ஸ்காபரோவில் ஆறு மாதத்துக்கு ஒருதரம் டொக்டரிடம் போவேன். ஒவ்வொரு தரமும் அந்த டொக்டரம்மா என் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவார். தெரிகிறதா என்பார். தெரிகிறது என்பேன். சீனி முதலில் காலில்தான் உணர்வைத் தின்னும், தின்பது தெரியாமல் தின்னும் என்று விளக்கியிருக்கிறார்.

இதை நான் அண்ணனுக்குச் சொன்னதில்லை. அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களை எதற்குக் கவலைப்படுத்துவது? வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்தபோதும் சுகம் என்றுதான் சொன்னேன். அவர்களும் அப்படித்தான். அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது தையல் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரியும். நாட்டை விட்டுப் போனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையில் இப்படி ஒரு ஒப்பந்தம், யாரும் எழுதாமலே அமுலில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சுகம் என்று சொல்லும், இரண்டு பக்கமும் நம்புகிற மாதிரி நடந்துகொள்ளும். அன்பினால்தான் செய்கிறோம். அந்த அன்பு எவ்வளவு மடத்தனமானது என்று தெல்தெனியவில் தெரிந்துகொண்டேன்.

காலுறை, சப்பாத்து, வெதுவெதுப்பான தண்ணீர், சாத்திய கதவு. இத்தனையும் என் கண் முன்னால் இருந்தது. அதே வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. கார் வாங்கிக் கொடுக்கிற தம்பி என்ற நினைப்பிலேயே நாலு வாரத்தை ஓட்டியிருக்கிறேன்.

7

தெல்தெனியவில் ஒரு ஹாஜியாரிடம் பென்ஸ் நூற்றுத்தொண்ணூறு மாடல் ஒன்று இருப்பதாக நிசாம் நானாதான் சொன்னார். நான் சத்தம் போட்டதை மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர். இதையும் வேண்டாம் என்றால் இனி எனக்குக் கோல் எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார். நான் கனடா திரும்ப ஐந்து நாள் இருந்தது.

ஹாஜியார் துணிக்கடை வைத்திருந்தவர். இப்போது மகன்மார் பார்க்கிறார்கள். ஷெட்டைத் திறந்து, காரை மூடியிருந்த படங்கை உருவினார். தந்த நிறக் கார். அண்ணன் குந்தி உட்கார்ந்து பெடல்களைப் பார்த்தார். மூன்று ரப்பரும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தன. புத்தகமும் ஹாஜியார் பெயரிலேயே இருந்தது. அண்ணன் எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். முதன்முதலில் பென்ஸ் சாவியை முதலாளியிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்த அன்று அப்படி ஒரு முகம் பார்த்திருக்கிறேன்.

"பதினாறு வருஷமா வெச்சீக்கிறேன்" என்றார் ஹாஜியார். "கிளச் போன மாசம்தான் புதுசு போட்டது. பிள்ளைகளுக்கு இத ஓட்ட ஏலாது. தெரிஞ்ச கைக்குப் போனா எனக்கும் நிம்மதி. எடுத்திட்டுப் போய் ஓட்டிப் பாருங்க, நான் அஸர் தொழுதிட்டு வாறேன்."

அண்ணன் ஏறினார். நான் இடது பக்கம் ஏறினேன். கேட்டடியிலேயே ஒருதரம் என்ஜின் நின்றது. மறுபடி எடுத்தார். குலுங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். ஓட ஆரம்பித்த பிறகு சரியாகத்தான் ஓடியது. நீர்த்தேக்கம் தெரிகிற ஏற்றத்தில் எதிரே பஸ் ஒன்று வளைவை அடைத்துக்கொண்டு வர, நிறுத்தவேண்டி வந்தது. பஸ் போனதும் அண்ணன் மறுபடி எடுக்கப் பார்த்தார். கிளச்சைப் படக்கென்று விட்டார். கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, என்ஜின் நின்றது. பின்னால் உருள ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண், அவள் முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு சின்னப் பிள்ளை. அண்ணனின் இரண்டு கால்களும் எதையோ மிதித்துக்கொண்டுதான் இருந்தன. நான் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது. அந்தப் பெண் எங்களைத் திட்டக்கூட இல்லை. மோட்டார் சைக்கிளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை எங்களுக்குக் கை காட்டியது.

அண்ணன் மறுபடி ஸ்டார்ட் எடுத்து, மெல்ல ஓரத்துக்குக் கொண்டுவந்து என்ஜினை அணைத்தார். அவருக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"கிளச் சரியில்லபோல இருக்குண்ணே" என்றேன்.

"கிளச் புதுசு" என்றார். "பேராதனையில பாத்ததும் நல்ல கிளச்தான். நிசாம் நானா காட்டினதும் நல்ல கிளச்தான்."

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். ஒன்றரை வருடமாகச் சீனியால் இடது பாதத்தில் உணர்வு இல்லையாம். முதலாளியின் காரில் கடைசி மாதங்களில் ஒருநாள் வீடு வந்து பார்த்தபோது இடது பாதத்தில் ஆணி ஏறியிருந்ததாம். எங்கே ஏறியது என்று தெரியாதாம். அந்தப் புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. மெனுவலில் ஓட்டிப் பார்த்தால் பழக்கத்தில் காலுக்கு உணர்வு திரும்பிவிடும் என்று நினைத்தாராம். ஒவ்வொரு காரிலும் ஏறும்போது இதில் தெரியும், இதில் தெரியும் என்று நினைத்தாராம்.

அப்போதும் என் மூளை காரியத்தில்தான் ஓடியது. அவருக்குக் கார் வாங்கிக் கொடுக்க வந்தவன் வெறுங்கையோடு போக முடியாது.

"அப்ப ஓட்டோ கியர் ஒண்ணு எடுப்போம்ணே. நாளைக்கே எடுக்கலாம், எத்தனையோ இருக்கு. இடது காலுக்கு வேலையே இல்ல. வலது கால் நல்லாத்தானே இருக்கு?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஐந்து வாரத்தில் என் டிரைவிங்கில் அத்தனை குறை சொன்னவர், இதற்கு மட்டும் கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"அதுக்குத்தாண்டா கிளச் வேணும்னேன். இடது கால் போனத கிளச் சொல்லிருச்சி. வண்டி குலுங்கும், நிக்கும், அவ்ளோதான். வலது கால் போனா எது சொல்லும்? பிரேக்தான் சொல்லணும். அது சொல்றப்ப பின்னால பொண்ணு மாப்பிள்ள உக்காந்திருப்பாங்க."

எனக்கும் அதே வருத்தம்தான் அண்ணே, ஆறு வருடமாக, என்று மட்டும் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார். டொக்டரிடம் ஒழுங்காகப் போகிறாயா என்று கேட்டார். போகிறேன் என்றேன். நாளைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சரி என்றார். இவ்வளவையும் பேச எங்களுக்கு இருபத்திரண்டு வருடமும் ஒரு பழைய பென்ஸும் தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு இடம் மாறினோம். கிளச்சைத் தொட்டு எத்தனையோ வருடமான என் கால் அதை மெல்ல விட்டது. கார் அசங்காமல் நகர்ந்தது. என் காலுக்கு அது தெரிகிறதே என்று அந்த நேரத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. தெல்தெனிய டவுன் வரும்வரை அண்ணன் என் ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஹாஜியார் தொழுதுவிட்டு வந்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். வாகனம் எப்படி என்றார். நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் இறங்கிப் போய்ச் சாவியை அவர் கையிலேயே கொடுத்தார்.

"காருல ஒரு குறையும் இல்லங்க ஹாஜியார். ஓட்டத்தான் ஆளில்ல."